கட்ட மறந்த சிவப்புத் துணி

படகு மோட்டார் என்றால் கொள்ளிடக்கரையில் பிராங்க்ளினைத்தான் தேடி வருவார்கள். மனிதர்களிடம் நாலு வார்த்தை பேச யோசிக்கிறவர், மோட்டாரிடம் மட்டும் மணிக்கணக்காகப் பேசுவார். பழுது பார்த்ததைத் தண்ணீர் டிரம்மில் மாட்டி ஓடவிட்டு, சத்தத்தை வைத்தே குணம் சொல்லிவிடுவார். இருபத்தாறு வருடமாக அவர் கை பட்ட மோட்டார் நடு ஆற்றில் நின்றதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருக்கட்டுமே, சும்மா வந்த கர்வமா அது?

வெள்ள காலத்தில் ஆட்களை மீட்கப் போகும் அரசுப் படகின் மோட்டாரும் அவர் பொறுப்பு. அதை ஓட்டும் கலீமுக்கும் அவருக்கும் ஓர் ஏற்பாடு இருந்தது. பெட்ரோல் டேங்கின் மூடியில் காற்று போக ஒரு சின்னத் திருகு உண்டு. வண்டியில் ஏற்றும்போது பெட்ரோல் சிந்தாமலிருக்கப் பிராங்க்ளின் அதை இறுக மூடி, மேலே ஒரு சிவப்புத் துணியைக் கட்டுவார். துணி இருந்தால் கலீம் திருகைத் திறந்துவிட்டுக் கிளம்புவான். துணி இல்லையென்றால் திறந்தே இருக்கிறது என்று அர்த்தம். மூடியபடி ஓட்டினால் ஐந்து நிமிடத்தில் பெட்ரோல் வராமல் மோட்டார் நின்றுவிடும்.

ஆனைக்கும் அடி சறுக்கும். ஆகஸ்டில் கொள்ளிடம் இரு கரையும் தொட்டு ஓடிய நாளில், மண்ணச்சநல்லூர் ரைஸ்மில்லில் மூட்டை தூக்கும் வெள்ளைச்சாமியை வெள்ளம் இழுத்துப்போனது. ஆற்று நடுவே ஒரு புதரைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். அவரை நோக்கிப் போன படகு பாதி வழியில் நின்றது. கலீம் மோட்டாரைக் கிளப்பும் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்தான். திருகு நினைவுக்கு வந்து அதைத் திறப்பதற்குள் புதரில் ஆள் இல்லை.

விசாரணையில் கலீம் எதையும் மறுக்கவில்லை. துணி காற்றில் பறந்திருக்கும், திருகைத் தொட்டுப் பார்க்காதது என் தப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டான். இரண்டு பிள்ளைக்காரனுக்கு வேலை போகப்போகிறதே என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

அன்று போட்டிருந்த சட்டையைப் பிராங்க்ளின் அதற்குப் பிறகு தொடவேயில்லை. பதினோராம் நாள் அவர் மனைவி சுஜா துவைக்க எடுத்தபோது, பையிலிருந்து சிவப்புத் துணி வந்தது. வண்டிக்காரர் ஹாரன் அடித்த அவசரத்தில் கட்டாமல் பையில் திணித்துக்கொண்டது அவருக்கு அப்போதுதான் நினைவு வந்தது. சுஜா கெட்டவள் இல்லை, பயந்தவள்.

"அடுப்புல போட்டுடட்டுமாங்க?" என்றாள்.

பிராங்க்ளின் அடுப்பைப் பார்த்தார். போட்டுவிட்டால் பேரும் தொழிலும் பிழைக்கும். ஆசை வந்தது, வராமல் இல்லை. பிறகு துணியை வாங்கிக்கொண்டு பாலக்கரையில் கலீம் வீட்டுக்குப் போனார்.

"கட்ட மறந்தது நான்தான் கலீம். நாளைக்கு ஆபீஸ்ல எழுதிக் குடுத்துடுறேன்."

திட்டுவான், அடித்தாலும் அடிப்பான் என்று நினைத்திருந்தார். கலீம் துணியைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"கண்ண மூடுனா அந்தப் புதர்தாண்ணே தெரியுது. நான்தான் அந்த ஆளக் கொன்னுட்டேன்னு இருந்தேன்."

அவன் வாய்விட்டு அழுதான். அவன் வேலையைக் காப்பாற்றத்தான் பிராங்க்ளின் ஓடி வந்திருந்தார். இப்படி ஒரு பாரத்தை அவன் பதினோரு நாளாகச் சுமந்துகொண்டிருந்தான் என்பது அதுவரை அவருக்குத் தோன்றவேயில்லை.

மறுநாள் சொன்னபடி எழுதிக் கொடுத்தார். கலீம் படகுக்குத் திரும்பினான். மோட்டார் வேலை வேறு ஆளுக்குப் போனது. இப்போது கண்ணை மூடினால் புதர் பிராங்க்ளினுக்குத் தெரிகிறது.