கோபக்கார மயில்

எங்கள் வீட்டில் பிஸ்கட்டை யாரும் நேராக வாயில் போட்டுக்கொள்ள முடியாது. முதலில் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்க வேண்டும். அதன் மேலே பதிந்திருக்கும் மயில் எப்படி இருக்கிறது என்று பார்த்து நைனாவிடம் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் தின்னலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இதைப் பார்த்துவிட்டு, எங்கள் வீட்டில் பிஸ்கட்டுக்கும் சூடம் காட்டுவோம் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்கள்.

அந்த மயில் நைனா வெட்டியது. நைனா என்றால் அப்பா. ஆந்திரா கூப்பிடு தூரத்தில் இருப்பதால் எங்கள் பக்கம் பாதி வீடுகளில் அப்பா நைனாதான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், பிஸ்கட் கம்பெனிகளுக்கு ரோலர் செய்து தரும் ஒரு பட்டறையில் அவருக்கு வேலை. ரோலர் என்பது கனத்த பித்தளை உருளை. அதன் உடம்பெல்லாம் பிஸ்கட் அளவுக்குக் குழிகள். குழிக்கு ஒரு மயில். மாவு குழிக்குள் போய் அழுந்தி வெளியே விழும்போது மயில் எழும்பி நிற்கும். அத்தனை மயிலையும் நைனா சின்ன உளியும் சுத்தியும் வைத்துக்கொண்டு, ஒற்றைக் கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு, ஒவ்வொன்றாக வெட்டியிருந்தார்.

கை வேலை என்பதால் ஒரு மயில் மாதிரி இன்னொரு மயில் இருக்காது. வாங்கித் தின்கிற ஊருக்கு அது தெரியாது. எனக்கும் தம்பிக்கும் தெரியும். கழுத்து குட்டையாகப் போன ஒன்று கோழி மயில். அரைக்கண் மூடியிருந்தது தூங்குமூஞ்சி மயில். தோகையை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு நின்றது கல்யாணப் பொண்ணு மயில். இவை எல்லாவற்றுக்கும் மேலே கோபக்கார மயில். மயிலுக்குப் புருவம் உண்டா என்று கேட்காதீர்கள், அதற்கு இருந்தது. புருவத்தை இறக்கி, ஏதோ நாம் அதன் சொத்தை எழுதி வாங்கிக்கொண்ட மாதிரி முறைக்கும். பாக்கெட்டில் அது அபூர்வமாகத்தான் வரும். அது யாருக்கு வந்ததோ அவர் ஜெயித்தவர், தோற்றவர் தன் பிஸ்கட்டில் ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட வேண்டும். தம்பி அழுதுகொண்டே கொடுப்பான். நான் கொடுக்காமல் அழுவேன்.

அந்த மயிலுக்கு ஏன் அவ்வளவு கோபம் என்பதற்கு மாமா ஒரு காரணம் வைத்திருந்தார். மாமா என் அம்மாவின் தம்பி. சோழவரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் பைக்கில் வருவார். பெரிய கம்பெனி ஒன்றில் ஃபிட்டர், அதுவும் பர்மெனென்ட், போதாக்குறைக்குச் சங்கத்திலும் இருந்தார். அதனால் எங்கள் வீட்டில் கறி வெந்துகொண்டிருக்கும்போதெல்லாம் நியாயம் பேசுவது அவர் வழக்கம். பட்டறையில் நைனாவுக்குச் சம்பளம் கொடுத்தது முதலாளி இல்லை, காண்ட்ராக்டர். காண்ட்ராக்டர் கொடுத்த அடையாள அட்டையில் நைனாவின் வேலை 'ஹெல்பர்' என்று போட்டிருந்தது. கைத்தொழில்காரன் என்று போட்டால் அதற்குத் தகுந்த கூலி கொடுக்க வேண்டும். ஹெல்பர் என்றால் பெருக்குகிற கூலி போதும். அந்த அட்டையைக் கையில் வாங்கிய அன்றைக்கு வெட்டிய மயில்தான் அது என்பது மாமாவின் கட்சி.

"உன் மூஞ்சில வர வேண்டிய கோவம் மச்சான் அது. மயிலு மேல எறக்கிட்டு நீ சிரிச்சிக்கினு கீற" என்பார்.

"உளி கொஞ்சம் ஆழமா எறங்கிடுச்சி, அவ்ளோதான்" என்பார் நைனா.

நைனாவுக்கு ஆழமாக வெட்டத்தான் வரும். அதில் ஒரு சங்கடம் இருந்தது. மாவும் சர்க்கரையும் உரசி உரசி, நாளாவட்டத்தில் குழிகள் தேயும். மயிலின் மூக்கு மழுங்கும், தோகைக் கண்கள் கலங்கும். அப்போது பிஸ்கட் கம்பெனி ரோலரைப் பட்டறைக்குத் திருப்பி அனுப்பும்; நைனா திரும்ப வெட்டுவார். ஓவர்டைம் வரும், வீட்டில் கோழிக்குழம்பு வரும். எனவே ஊர் உலகத்தில் யாருக்கும் இல்லாத ஒரு வழக்கமாக, நாங்கள் பிஸ்கட் மோசமாக வந்தால் சந்தோஷப்பட்டோம். "நைனா, மூக்கு போய்டுச்சி!" என்று கத்துவதற்காகத்தான் அந்த வெளிச்சச் சோதனை. கொஞ்சம் மேலாக்க வெட்டினால் சீக்கிரம் தேயுமே, சீக்கிரம் வேலை வருமே என்று மாமா யோசனை சொல்வார். கை வராது என்று நைனா சொல்லிவிடுவார். நல்ல வேலைக்காரன் தன் வேலையைத் தானே குறைத்துக்கொள்கிறான் என்கிற கணக்கை அவர் போட்டுப் பார்க்காமல் இருந்திருக்க மாட்டார். அவர் அதைப் பற்றி எங்களிடம் பேசியதில்லை.

அவர் பேசியதெல்லாம் பர்மெனென்ட் பற்றித்தான். எங்கள் வீட்டில் அது வரவேண்டிய ஒரு விருந்தாளி மாதிரி. பர்மெனென்ட் வந்தால் எனக்குக் காது குத்தி மொட்டை போடுவார்கள். பர்மெனென்ட் வந்தால் ஃபிரிட்ஜ். பர்மெனென்ட் வந்தால் அம்மா ஒயர் கம்பெனிக்கு ஷிப்டு போவதை நிறுத்திவிட்டு வீட்டில் இருப்பாள். அம்மாவுக்கு அந்த வேலையில் நின்று நின்று கால் வீங்கிப்போகும். சாயங்காலம் வந்ததும் சுவரில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு தரையில் படுப்பாள். நான் அவள் காலை அமுக்கிக்கொண்டே, பர்மெனென்ட் எந்த பஸ்ஸில் வருவார் என்று கேட்டிருக்கிறேன். சிரித்தாளே தவிர திருத்தவில்லை.

நான் நான்காவது படித்த வருஷம் ரோலர் திரும்பி வந்தது. முதலாளி நைனாவின் தோளில் கை போட்டு, நீ இல்லாமல் இந்தப் பட்டறையே இல்லை, இந்த ரோலரை முடித்துக் கொடு, உன் விஷயத்தை முடித்துவிடலாம் என்றாராம். நைனா உயிரைக் கொடுத்து வெட்டினார். தேய்ந்த மயில்களெல்லாம் பழைய முகத்தோடு எழுந்தன. முடித்த பிறகு மேனேஜர் வந்து, இருக்கிறதிலேயே நல்ல மயில் ஒன்றைப் பார்த்துச் சாக்பீஸால் வட்டம் போட்டு வை என்றாராம்.

வெட்டியது சரியாக இருக்கிறதா என்று பார்க்க, குழிக்குள் மைதா மாவை அழுத்தி எடுப்பது பட்டறை வழக்கம். அப்படி எடுத்த மயில்களை அன்றைக்கு நைனா டிபன் பாக்ஸில் அடுக்கிக்கொண்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை அவற்றைப் பேப்பர் மேல் வரிசையாகப் பரப்பி வைத்து, நாங்களே சொல்லட்டும் என்று விட்டார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை. உத்தியோகத்தில் அவரிடம் யாரும் எதையும் கேட்டதில்லை, சொல்லித்தான் இருக்கிறார்கள்.

மாமா மட்டும் முகத்தைச் சுளித்தார். "இன்னாத்துக்கு மச்சான் ஒண்ணே ஒண்ணு கேக்குறாங்க? அத்தினி மயிலும் நல்லாத்தானே கீது?"

"ஆபீஸ்ல மேல இருக்கறவங்களுக்குக் காட்டணுமாம். என் கை வேலைய அவங்க பாக்க வேணாமா?"

"எனக்கு இது சரியாப் படல. இதுதான் நல்லதுன்னு நீயே வட்டம் போட்டுக் குடுக்காத. தவள தன் வாயால கெடும்."

"போடா. கெணத்துத் தண்ணிய வெள்ளமா அடிச்சிக்கினு போய்டும்?"

அம்மா குழம்பைக் கிண்டிக்கொண்டே ஒன்றுதான் கேட்டாள். "காட்டினா பர்மெனென்ட் பண்ணிடுவாங்களா?"

"அதுக்குத்தாம்மே கேக்குறாங்க" என்றார் நைனா.

தேர்தல் நடந்தது. நைனா கல்யாணப் பொண்ணு மயிலுக்குப் போட்டார். தோகை விரிவு அதில்தான் சுத்தம் என்றார். நானும் தம்பியும் கோபக்கார மயிலுக்குப் போட்டோம். அம்மா எங்கள் கூச்சல் தாங்காமல் எங்கள் பக்கம் சேர்ந்தாள். மாமா யாருக்கும் போட மாட்டேன் என்று புறக்கணிப்பு செய்தார், கறியை மட்டும் புறக்கணிக்கவில்லை. மூன்றுக்கு ஒன்று. நைனா கோபக்கார மயிலை உள்ளங்கையில் வைத்து லென்ஸ் போட்டு நெடுநேரம் பார்த்தார். "ஆமா, இதுலதான் உயிர் கீது" என்று ஒத்துக்கொண்டார். திங்கட்கிழமை போய் அதற்கு வட்டம் போட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததைப் பின்னாளில் மாமா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். வட்டம் போட்ட அந்த ஒரு மயிலை ஏதோ கருவி வைத்து அளந்து கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். புதிதாக வாங்கிய மெஷின் ஒன்று அதைப் பார்த்துப் புது ரோலர் முழுக்க வெட்டியது. எத்தனை முறை தேய்ந்தாலும் அதே மயிலை அது திரும்ப வெட்டும். இதையெல்லாம் நைனாவிடம் யாரும் சொல்லவில்லை. வேலை வந்ததும் கூப்பிட்டு அனுப்புகிறோம் என்று காண்ட்ராக்டர் சொன்னார், அவ்வளவுதான். ஹெல்பர்தானே, வேலையை விட்டு அனுப்புவதற்குக் காரணம் எழுதித் தர வேண்டியதில்லை.

இந்த இடத்தில் நான் வருத்தப்பட்டதாக எழுதினால் அது பொய். எனக்கு அவை தங்கமான நாட்கள். நைனா வீட்டிலேயே இருந்தார். எனக்குத் தலை பின்னிவிட்டார், ஒரு பக்கம் உயரமாக ஒரு பக்கம் தாழ்வாக. மத்தியானம் பள்ளிக்கூடத்துக்குச் சூடான சோறு கொண்டு வந்தார். எங்கள் லைன் வீடுகளில் இருந்தவர்களுக்கெல்லாம் குடத்திலும் தட்டிலும் பேர் வெட்டிக் கொடுத்தார். யாரிடமும் காசு வாங்கவில்லை, கை மறந்துவிடக் கூடாது என்பார். அம்மா டபுள் ஷிப்டு பார்த்தாள். ஒயர் கம்பெனி பஸ்ஸில் டிவி இருப்பதால் அவளுக்கு அதில் போவது பிடித்திருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஒரு சாயங்காலம் அம்மா ஷிப்டுக்குக் கிளம்பி யூனிஃபார்ம் கோட்டில் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். நைனா வாசலில் உட்கார்ந்து யாருடைய குடத்துக்கோ எழுத்து வெட்டிக்கொண்டிருந்தார். மூலைக் கடைக்குப் போய்ப் பெரிய பிஸ்கட் பாக்கெட் ஒன்று வாங்கி வந்த நான், வழக்கப்படி முதல் பிஸ்கட்டைத் தூக்கிப் பிடித்தேன். கோபக்கார மயில். துள்ளினேன். தம்பி அடுத்ததை உருவினான். அதுவும் கோபக்கார மயில். நான் பாக்கெட்டைக் கிழித்துத் தரையில் கொட்டினேன். எல்லாம் அதே புருவம், அதே முறைப்பு.

"நைனா! எல்லாமே கோபக்கார மயிலு!"

அம்மாவின் கை பொத்தானிலேயே நின்றது. தம்பிக்குத்தான் முதலில் சந்தேகம் வந்தது. "அப்போ யாரு ஜெயிச்சது? யாரு யாருக்குக் குடுக்கறது?" என்று கேட்டான்.

நைனா உளியைக் கீழே வைத்தார். ஒரு பிஸ்கட்டை எடுத்து லென்ஸில் பார்த்தார். இன்னொன்றை எடுத்து அதையும் பார்த்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் தடவினார்.

"கரெக்டா கீது" என்றார். "அன்னிக்கி எறங்கின ஆழங்கூட அப்டியே கீது."

எனக்கு மனசு பொங்கிவிட்டது. நாங்கள் தேர்ந்தெடுத்த மயில்! கோழி மயிலும் தூங்குமூஞ்சியும் போய், எங்கள் மயில் ஒன்றே நாடு முழுக்கப் போகிறது. அப்படியென்றால் விருந்தாளி வந்தாகிவிட்டதே.

"இனிமே எல்லாம் உன் மயிலுதான். அப்போ நீ பர்மெனென்ட் ஆய்ட்டியா நைனா?"

அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா பொத்தானைப் பார்த்தாள்.

"மயிலு ஆய்டுச்சிம்மா" என்றார்.

எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது. இன்றைக்கு மயில் ஆகியிருக்கிறது, நாளைக்கு நைனா ஆகிவிடுவார், முறை அப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்தேன். தரையில் கிடந்த பிஸ்கட்டையெல்லாம் பாவாடையில் வாரிக்கொண்டு ஓடினேன். லைன் வீடுகளில் ஒரு கதவு விடாமல் தட்டி, எங்கள் மயில் பர்மெனென்ட் ஆகிவிட்டது என்று சொல்லி ஆளுக்கு ஒன்று கொடுத்தேன். நல்ல சேதி சொல்லப் போகும்போது வெறுங்கையோடு போகக் கூடாது என்று அம்மா எங்களைப் பழக்கியிருந்தாள்.