ரேஞ்ச் கடைக்குத் திரும்பக் கூடாது

குக்கிங் ரேஞ்சை விற்பது பெரிய காரியமில்லை; விற்ற பிறகு அது சமையலறையில் அலமாரியாகிவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் எங்கள் தொழிலில் பெரிய காரியம். மேலே நாலு பர்னர், கீழே கண்ணாடிக் கதவு போட்ட ஓவன், முன்பக்கம் வரிசையாக நாப். பார்க்க ராஜா மாதிரி இருக்கும். உங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தால், அந்த ஓவனுக்குள் இந்த நிமிஷம் தோசைக்கல்லும் அப்பளக் கட்டும் இருக்கும் என்று எனக்குத் தெரியும். வெட்கப்படாதீர்கள். ஓவனுக்குள்ளிருந்து பழைய துணி, எலிப்பொறி, கல்யாணப் பத்திரிகைக் கட்டு எல்லாவற்றையும் என் கையால் வெளியே எடுத்துப் போட்டிருக்கிறேன். நாமெல்லாம் ஒரே கோஷ்டிதான்.

தஞ்சாவூரில் ஒரு பாத்திரக் கடையில் நான் டெமோக்காரி. ரேஞ்ச் வாங்கியவர் வீட்டுக்குப் போய், பற்றவைத்து, சமைத்துக் காட்டி, கெஞ்சி, மிரட்டி, அவர்களை அதில் சமைக்க வைப்பது என் வேலை.

கதவு, குச்சி, நாப்

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கே ரேஞ்ச் தெரியாது. பூதலூர் பக்கத்துக் கிராமத்தில் விறகடுப்பை ஊதி வளர்ந்தவள் நான். கம்பெனி ஆள் ஒருவர் வந்து சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் ஓவன் நாபைத் திருப்பிவிட்டு, தீப்பெட்டியைக் காணோமே என்று கல்லாப்பெட்டி வரை போய்த் தேடி எடுத்து வந்து, நிதானமாகக் குனிந்து குச்சியைக் கிழித்தேன். உள்ளே அதற்குள் காஸ் நிறைந்திருந்தது. 'டப்' என்று ஒரு சத்தம். முன்னெற்றி முடியும் இடது புருவமும் போயின. முதலில் கதவைத் திற, அடுத்து குச்சியைக் கிழி, கடைசியாக நாபைத் திருப்பு என்ற வரிசை அன்றைக்கு என் மூளையில் சுட்டு எழுதப்பட்டது. நீங்களும் எழுதிக்கொள்ளுங்கள்.

வேலை போய்விடுமோ என்று பயந்தேன். காரணம் எங்கள் அப்பா. அறுவடைக் கூலிச் சண்டையில் கொடி பிடித்தவர் அவர். சண்டை முடிந்தது, ஆட்சியும் மாறியது, கூலியும் கொஞ்சம் ஏறியது. கொடி பிடித்தவர்களுக்கு மட்டும் எங்கள் பக்கத்தில் எந்த வயலிலும் வேலையில்லை என்று மிராசுதார்கள் பேசி வைத்துக்கொண்டார்கள். அப்பா விறகு பிளக்கப் போனார். அவர் விறகைப் பிளக்க, மகள் விறகுக்கே வேலையில்லாத அடுப்பை விற்க, ஒரே கூரைக்குள் ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் குடித்தனம் நடத்தின. விறகுக் காசு அரை வயிற்றுக்குக் காணாது. என் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதித்தது.

கடையில் ஒரு சலுகை உண்டு. ஒரு மாதத்துக்குள் பிடிக்கவில்லை என்றால் ரேஞ்சைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். முதலாளி என் முகத்தைப் பார்த்தார், ரேஞ்சைத் துடைத்துப் பார்த்தார், பிறகு சொன்னார்: "புருவம் முளைச்சிடும்மா. ஆனா நீ விளக்கம் சொன்ன ரேஞ்ச் ஒண்ணு கடைக்குத் திரும்பி வந்துச்சுன்னா, மறுநாள் நீ வர வேணாம்."

பொங்காத பால்

எங்கள் தொழிலுக்கு முதல் எதிரி பால். புது அடுப்பு வந்தால் முதலில் பால் காய்ச்சி அது பொங்கி வழிய வேண்டும் என்பது நம் ஊர் வழக்கம். வழிந்த பால் பர்னர் துளைகளில் இறங்கிக் கருகி அடைத்துக்கொள்ளும். மறுநாள் தீ ஒரு பக்கம் நீலமாகவும் ஒரு பக்கம் மஞ்சளாகவும் எரியும். அடுப்பே கோளாறு என்று கடைக்குப் புகார் வரும். அதனால் பால் விளிம்புக்கு வரும்போது பட்டென்று நாபைத் திருப்பி அணைத்துவிடுவதை நான் பழக்கமாக வைத்திருந்தேன்.

தஞ்சாவூரிலேயே ஒரு கட்சியின் வட்டச் செயலாளர் ரேஞ்ச் வாங்கினார். கரைவேட்டி, மேடையில் சடங்கு சம்பிரதாயத்தைக் கிழிகிழியென்று கிழிக்கிறவர். "பால் காய்ச்சுறது, பொங்குறது எல்லாம் என்னத்துக்கு? நேரா காபியைப் போடு" என்று மனைவியிடம் சொல்லிவிட்டுக் கூடத்தில் கட்சிக்காரர்களோடு உட்கார்ந்துவிட்டார். எனக்கு வாழ்நாளில் அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை. அந்த அம்மா காபிக்கென்று பாலை வைத்தார். வழக்கம்போல விளிம்பில் அணைத்தேன். பால் இறங்கியது. அந்த அம்மாவின் முகமும் கூடவே இறங்கியது.

கூடத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த மனுஷருக்கு எப்படித் தெரிந்ததோ, விருட்டென்று எழுந்து வந்தார். பாத்திரத்தை எட்டிப் பார்த்தார். வாசற்பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டு, என் காதருகே குனிந்து சொன்னார்: "கொள்கை வேறம்மா, குடும்பம் வேற. தேர்தல் வருது. பத்த வை, நல்லா வழியட்டும்."

மூடி மேல் தணல்

அன்றோடு பாலைத் தடுப்பதை விட்டுவிட்டேன். மற்ற மூன்று பர்னர் மேலும் கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டு, சின்ன பர்னரில் சின்னப் பாத்திரம் வைத்துப் பொங்கவிடுவேன். ஆறினதும் பர்னரைக் கழற்றிக் கழுவி, துளைகளை ஊக்கால் குத்திவிட்டு மாட்டுவேன். ஒரு புகாரும் வரவில்லை. பால் பிரச்சினை தீர்ந்தது, தம் பிரச்சினை வந்தது.

அதிராம்பட்டினத்தில் ஜொஹரா அக்கா வீட்டில் ரேஞ்சைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அவர் வீட்டுக்காரர் வளைகுடாவில் வேலை பார்ப்பவர். விடுமுறையில் வந்தபோது ஆசையாக வாங்கிக் கொடுத்தது அது. விழுந்தடித்துக்கொண்டு பஸ் ஏறிப் போனேன். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தால் உள்ளே செக்கச்செவேலென்று ஏதோ எரிகிறது. திறந்தேன். பிரியாணிச் சட்டி மூடியின் மேல் தேங்காய்ச் சிரட்டைத் தணலை அள்ளிக் கொட்டி ஓவனுக்குள் வைத்திருந்தார்கள்! "மேலேயும் தீ இருந்தாத்தானே புள்ள தம்மு? கீழ மட்டும் எரிஞ்சா அடிதான் புடிக்கும்" என்றார் அக்கா. சாம்பல் பறந்து சோற்றில் விழுந்ததுதான் அவர்கள் புகார்.

தணலை வெளியே எடுத்தோம். ஓவனைத் துடைத்துவிட்டு வெறுமனே சூடேற்றினேன். வேறு சட்டியில் வேக வைத்திருந்த சோற்றையும் கறியையும் அடுக்கி, மூடியைச் சுற்றி மாவு ஒட்டி உள்ளே வைத்து, தீயைக் குறைத்தேன். கதவைச் சாத்திவிட்டால் சூடு மேலே, கீழே, பக்கவாட்டில் என்று சுற்றிச் சுற்றி வரும், இடையில் திறந்து திறந்து பார்க்கக் கூடாது, அவ்வளவுதான் ஓவனின் ரகசியம் என்றேன். யாரும் நம்பவில்லை. அந்த வீட்டுப் பெண்கள் எல்லோரும் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து டி.வி. பார்ப்பது போலச் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பார்க்கவில்லை, என் வேலை அந்தச் சட்டிக்குள் இருந்தது. மூடியைத் திறந்தபோது அடி பிடிக்காமல், மேல் சோறு காயாமல், ஒவ்வொரு பருக்கையும் தனித்தனியாக இருந்தது. தீயை ஆகக் குறைத்து, தண்ணீர் ஊற்றிய தட்டில் வைத்து, முட்டையும் தேங்காய்ப்பாலும் கலந்த வட்டலப்பமும் வேகவைத்துக் காட்டினேன்.

அந்தப் பக்கத்தில் சஹன் என்று ஒரு பெரிய தட்டு உண்டு. அதைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவார்கள். அந்தத் தட்டில் எனக்கும் இடம் விட்டார்கள். எங்கள் ஊர் டீக்கடையில் எங்கள் தெருவுக்கென்று தனி கிளாஸ் தொங்கும். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஜொஹரா அக்கா கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துச் சொன்னார்: "அடுப்பு இங்கதான் இருக்கும், யாரும் தூக்கிட்டுப் போக மாட்டாங்க. நீ நின்னுக்கிட்டே யோசிக்காதே புள்ள, சோறு ஆறுது."

கீழ் அறை

பேராவூரணியில் ஒரு தென்னந்தோப்புக்காரர் வாங்கினார். வாங்கி மூன்று வாரம் கழித்து, ஓவனில் புகை வருகிறது என்று ஆள் அனுப்பினார். போய்த் திறந்தால், தட்டுத் தட்டாக உடைத்த தேங்காய். அடைமழைக் காலம், வெயில் இல்லாமல் கொப்பரை பூஞ்சை பிடிக்கிறதென்று ஓவனில் அடுக்கி முழுத் தீயில் வைத்திருக்கிறார். எண்ணெய் சொட்டிச் சொட்டி அடியில் குளமாக நின்றது. இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் தோப்பு மிஞ்சியிருக்குமோ என்னவோ, வீடு மிஞ்சியிருக்காது.

கத்தினேன். வாடிக்கையாளரிடம் கத்தக் கூடாது என்பது முதலாளி கட்டளை, ஆனாலும் கத்தினேன். பிறகு எல்லாவற்றையும் அணைத்து, ஆறவிட்டு, சோப்புத் தண்ணீரால் கழுவி, வீட்டுச் செலவுக்கு மட்டும் நாலு தேங்காய் மூடி, அடியில் ஒரு தட்டு, ஆகக் குறைந்த தீ, பக்கத்திலேயே ஆள் என்று கண்டிப்பாகச் சொல்லிக்கொடுத்தேன். கேக், ரொட்டி, கோழி எல்லாம் இதில் செய்யலாம் என்று அவர் மனைவிக்கும் மருமகளுக்கும் விளக்க ஆரம்பித்தேன். அவர் குறுக்கே வந்து சொன்னார்: "மேல இருக்கிற நாலையும் பொம்பளைங்க எடுத்துக்கட்டும். கீழ் அறை என் பாகம், அதுல யாரும் கை வைக்கப்படாது."

முன்வாசல்

ஒரு நாள் முதலாளி கொடுத்த விலாசம் எங்கள் ஊர் விலாசம். அப்பாவுக்கு வேலையில்லை என்று முதலில் சொன்ன மிராசுதார் வீடு. முதலாளிக்கு இதெல்லாம் தெரியாது. வேறு யாரையாவது அனுப்புங்கள் என்றால், வேறு யார் இருக்கிறார்கள்? கடை வண்டியிலேயே போனேன்.

எங்கள் அம்மா அந்த வீட்டில் மாட்டுக்கொட்டகை கூட்டியவர். கொல்லைப் பக்கப் படலைத் தாண்டி உள்ளே போனதில்லை. நானும் வண்டியிலிருந்து இறங்கி, கால் தானாகக் கொல்லைப் பக்கம் திரும்ப நின்றேன். அதற்குள் சுமைக்காரர்கள் ரேஞ்சைத் தூக்கிக்கொண்டு முன்வாசலில் ஏறிவிட்டார்கள். "அடுப்புக்காரப் பொண்ணு எங்க? உள்ள வாம்மா" என்று குரல் வந்தது. ரேஞ்ச் போன வழியில் பின்னாலேயே போனேன்.

அந்த வீட்டு அம்மாவுக்குக் கண் இரண்டும் சிவந்திருந்தன. கூலிச் சண்டைக்குப் பிறகு எங்கள் தெருவிலிருந்து அந்த வீட்டுக்கு யாரும் வேலைக்குப் போவதில்லை. இத்தனை நாளும் ஒண்டியாக விறகடுப்பை ஊதிக்கொண்டிருந்திருக்கிறார். கதவு, குச்சி, நாப் என்று சொல்லிக்கொடுத்தேன். சின்னப் பிள்ளை மாதிரி திருப்பிச் சொன்னார். கிண்ணங்களைக் கவிழ்த்துவிட்டுப் பாலை வைத்தோம்.

அப்போது ஐயா உள்ளே வந்தார். "எந்த ஊரும்மா?" என்றார். "இந்த ஊருதாங்கய்யா" என்றேன். "யாரு மக?" பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "காத்தமுத்து மகளுங்கய்யா." அவர் முகம் மாறியது. "கடைக்காரன்கிட்ட வேற ஆளை அனுப்பச் சொல்லு. இல்லேன்னா அடுப்பைத் தூக்கிட்டுப் போகச் சொல்லு" என்றார். சுமைக்காரர்கள் இன்னும் வாசலில்தான் நின்றார்கள். அவர்கள் தூக்கினால் ரேஞ்சோடு என் வேலையும் போகும். அப்பாவை வயலிலிருந்து அனுப்பிய அதே வாய் மகளையும் அனுப்பிவிட்டது என்று நினைத்தேன்.

அந்த அம்மா பாலையே பார்த்துக்கொண்டிருந்தார். அது பொங்கி வழிந்தது. அவரே நாபைத் திருப்பி அணைத்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல், "வயல் உங்களுது, நான் வாயைத் திறக்கல. அடுப்பு என்னுது. இது இங்கதான் இருக்கும், இந்தப் பொண்ணுதான் சொல்லிக்கொடுக்கும்" என்றார். ஐயா வெளியே போய், சுமைக்காரர்களுக்குக் கூலி கொடுத்து அனுப்பினார்.

ஊக்கால் பர்னரைக் குத்தும்போது எனக்கு அழுகை வந்தது, அழுதுகொண்டேதான் குத்தினேன். அப்பாவுக்கு அந்த வயலில் அதன் பிறகும் வேலை கிடைக்கவில்லை, அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். ஆனால் ரேஞ்ச் கடைக்குத் திரும்பவில்லை, எங்கள் வீட்டில் உலையும் நிற்கவில்லை. அந்த அம்மாவை நினைக்காமல் நான் இன்றுவரை ஒரு பர்னரைக் கழற்றியதில்லை. அன்றைக்கு வேலை முடிந்து பையை எடுத்துக்கொண்டு, பழக்க தோஷத்தில் கொல்லைக் கதவைப் பார்த்து நடந்தேன். பின்னாலிருந்து அவர் கூப்பிட்டுச் சொன்னார்: "அங்க எங்க போறே? வந்த வழியாவே போ. அடுத்த மாசமும் அப்படியே வா."

மாவட்டம் முழுக்க நாலு பர்னரைப் பற்றவைத்துக் கொடுத்த நான் எங்கள் வீட்டில் இன்றைக்கும் இரண்டு பர்னர் அடுப்பில்தான் சமைக்கிறேன், அதற்கு மேல் எனக்கு வேண்டியிருந்ததெல்லாம் மற்றவர்கள் சமையலறையிலேயே கிடைத்துவிட்டது.