பூமி புரண்ட திங்கட்கிழமை

பூமி தலைகீழாகப் புரண்டுவிட்டது என்று சிவகாசி வட்டாரத்தில் முதன்முதலாக அறிவித்த ஸ்டோர் கீப்பர் நான்தான். மறுநாள் காலையில், அது புரளவில்லை என்று அறிவித்தவனும் நானே. முதல் அறிவிப்புக்குக் கொஞ்சம் படிப்பு போதுமாக இருந்தது. இரண்டாவதற்குத் தைரியம் வேண்டியிருந்தது. ஸ்டோர் வேலைக்குப் புதிதாக வருகிற தம்பிகள் இதைப் படித்தால், இரண்டாவது அறிவிப்பு தேவைப்படாமல் பார்த்துக்கொள்ளலாம்.

1. விஞ்ஞான டிராயர்

அறுபதுகளின் தொடக்கம். எங்கள் பட்டாசுக் கம்பெனி, சிவகாசியிலிருந்து வெம்பக்கோட்டை போகும் சாலையில், கரிசல் காட்டுக்கு நடுவே இருந்தது. இன்டர்மீடியட்டில் நான் பௌதிகம் எடுத்திருந்தேன், தேறவில்லை. ஆனால் பரீட்சையில் தோற்றவனுக்கு அந்தப் பாடத்தின் மேல் வருகிற அபிமானம், தேறியவனுக்கு வருவதில்லை. கையில் கிடைத்த விஞ்ஞானக் கட்டுரை ஒன்றையும் விடமாட்டேன். அதனால் முதலாளி என்னை 'சயின்ஸ்' என்றுதான் கூப்பிடுவார். பாராட்டா பரிகாசமா என்று கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள நான் விரும்பவில்லை.

கம்பி மத்தாப்பு பூப்பூவாகச் சிதறுவதற்குக் காரணம் இரும்புத் தூள். லேத் பட்டறைகளிலிருந்து மூட்டை மூட்டையாக வரும். சில மூட்டைகளில் வைப்பாற்று மணலும் சேர்ந்து வரும். ஒரு பிடி அள்ளிக் காகிதத்தில் பரப்பி, லாட காந்தத்தை மேலே காட்ட வேண்டும். ஒட்டுவது இரும்பு; ஒட்டாதது வியாபாரியின் மனசாட்சி. மணலை இரும்பென்று பாஸ் பண்ணாமல் இருப்பதுதான் என் உத்தியோகம். எங்கள் காந்தம் ஒரு பழைய லாரியின் மேக்னெட்டோவிலிருந்து கழற்றியது. சாவிக்கொத்தை முழம் தூரத்திலிருந்து இழுக்கும்.

அந்த வருஷம் புது ஷெட் கட்டுவதற்கு லைசென்ஸ் கேட்டிருந்தோம். பிளானில் வடக்கு எது என்று அம்புக்குறி போட வேண்டும். அதற்காக முதலாளி மதுரையில் ஒரு மிலிட்டரி டிஸ்போஸல் கடையில் திசைகாட்டி ஒன்று வாங்கி வந்தார். பித்தளை டப்பி, கண்ணாடி மூடி, நீல முனை போட்ட முள். வந்த அன்றே சரிபார்த்தேன். நீல முனை வடக்கே, மதுரைப் பக்கம் நின்றது. முறைப்படி டிராயரில் வைத்துப் பூட்டினேன். விஞ்ஞானம் சம்பந்தப்பட்ட சாமான்கள் எல்லாவற்றுக்கும் ஒரே டிராயர். அப்படி ஓர் ஒழுங்கு எனக்கு.

2. செவ்வாய்க்கிழமை வேகன்

புரட்டாசி. நாக்பூர் வியாபாரி ஒருவருக்குக் கம்பி மத்தாப்பு முழு லோடு கட்டி அடுக்கியிருந்தது. மத்தாப்பு செக்‌ஷன் பெண்கள் அந்த சீசன் முழுக்கச் செய்த சரக்கு அது. தீபாவளிக்கு முன்னால் போய்ச் சேர்ந்தால் அடுத்த ஆர்டர் உண்டு. இல்லையென்றால் தை மாதம் வரை செக்‌ஷனை மூட வேண்டியதுதான். தீபாவளி கழிந்து வருகிற மத்தாப்பு, தாலி கட்டி முடிந்து வருகிற மேளம்.

சனிக்கிழமை ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தான். வேகன் செவ்வாய்க்கிழமைதான் கிடைக்கும், அதை விட்டால் இந்த சீசனில் இல்லை என்றான்.

முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். "செவ்வாக்கெழமை வடக்கே சூலம்லா."

"சூலத்துக்குத்தான் பரிகாரம் இருக்கே, முதலாளி. வடக்கே போனா ஒரு வாய் பால் குடிச்சிட்டுக் கெளம்புறது."

"ஆளு போனா ஆளு குடிப்பான். லோடு போகுது. லோடுக்குப் பால் ஊத்தச் சொல்றியா? வெளங்கிரும்."

"நீங்க குடிச்சாப் போதாதா?"

"முந்தின வருசம் குடிச்சேன்ல! சொம்பு நெறையக் குடிச்சேன். என்ன ஆச்சு? வழியில மழையில நனைஞ்சு, அங்கன போய்ச் சேரும்போது வெறும் கம்பியா நின்னுச்சு. மருந்தைக் காணோம்."

அவர் லேசுப்பட்டவர் அல்ல. பம்பாய்க்கு ஆர்டர் பிடிக்கப் போகும்போது, நாள் சரியில்லை என்றால், அவருக்கு இரண்டு நாள் முன்னதாக அவர் குடை கிளம்பிவிடும். நல்ல நேரம் பார்த்துக் குடையை வழியில் ஒரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் பிரயாணம் தொடங்கியதாகக் கணக்கு. இதற்குப் பரஸ்தானம் என்று பெயர். அவருடைய குடை அவரைவிட அதிகம் பிரயாணம் செய்தது.

மத்தாப்பு செக்‌ஷனில் மூத்தவள் மாரித்தாய். அவள் ஸ்டோர் வாசலில் வந்து நின்றாள்.

"என்ன அண்ணாச்சி, லோடு போகுமா போகாதா? போகாதுன்னா இப்பமே சொல்லிருங்க. பருத்தி எடுக்கப் பேர் குடுத்து வைக்கணும்."

"முதலாளி யோசிக்கிறாரு."

"அவுக யோசிச்சா விடிஞ்ச மாதிரிதான். நீங்க படிச்சவுக, ஏதாச்சும் செய்யுங்க."

படித்தவன் செய்தான்.

3. முள்

திங்கட்கிழமை காலை பிளான் வேலைக்காக டிராயரைத் திறந்து, திசைகாட்டியை எடுத்துக்கொண்டு புது ஷெட் வரப்போகும் காட்டுக்குப் போனேன். மூடியைத் திறந்தேன். நீல முனை ஆடி ஆடி நின்றது. வடக்கே மதுரையைக் காட்ட வேண்டியது, தெற்கே வெம்பக்கோட்டையைக் காட்டியது.

தட்டிப் பார்த்தேன். நான் திரும்பி நின்று பார்த்தேன். இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை வேலி ஓரம் வைத்துவிட்டு வந்து பார்த்தேன். முள் அசையவில்லை.

அப்போது எனக்கு ஒரு கட்டுரை ஞாபகம் வந்தது. எரிமலைக் குழம்பு ஆறிக் கல்லாகும்போது, அதிலுள்ள இரும்புத் துணுக்குகள் அன்றைய வடக்கைப் பார்த்தபடி உறைந்துபோகுமாம். பழைய பாறைகள் சிலவற்றில் அவை தெற்கைப் பார்த்து உறைந்திருக்கின்றன. இதை வைத்து அறிஞர்கள் இரண்டு கட்சியாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பூமியின் காந்தமே முன்பு பலமுறை புரண்டிருக்கிறது என்றது ஒரு கட்சி. பூமி ஒழுங்காகத்தான் இருக்கிறது, அந்தக் கல்தான் ஏதோ காரணத்தால் புரண்டுவிட்டது என்றது இன்னொரு கட்சி.

நான் அந்த இடத்திலேயே பூமிக் கட்சியில் சேர்ந்தேன். மூச்சிரைக்க முதலாளி அறைக்கு ஓடினேன்.

"முதலாளி, பூமியோட காந்தம் புரண்டு போச்சு. வடக்கு தெற்காயிருச்சு."

அவர் வெற்றிலையை மடித்தபடி என்னைப் பார்த்தார். "சூரியன் எங்கன உதிச்சுச்சு?"

"கிழக்கேதான். அது மாறாது. உள்ளே இருக்கிற காந்தம் மட்டுந்தான்."

"கெணத்துத் தண்ணி கொட்டிறாதே?"

"கொட்டாது, முதலாளி."

"பெறகு என்னதாம்லே ஆகும்?"

கட்டுரையில் படித்ததை எல்லாம் ஒப்பித்தேன். புரளுகிற காலத்தில் காந்தம் ரொம்பவும் பலவீனமாகும். சூரியனிலிருந்து வருகிற துகள்களைத் தடுக்கிற வேலி அதுதான். வேலி தளர்ந்தால் வானத்தில் பச்சையும் சிவப்புமாக ஒளி தெரியலாம். கப்பல்கள் திண்டாடும். காந்தத்தை வைத்து வழி கண்டுபிடிக்கிற பறவைகள் தடுமாறலாம்.

"வானத்துல பச்சையுஞ் செவப்புமாவா?" அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஓசியிலயா? அப்ப நம்ம மத்தாப்பை எவன் வாங்குவான்?"

இந்தக் கோணம் கட்டுரையில் இல்லை. பிறகு அவர் முகம் மெதுவாக மாறியது.

"ஏலே சயின்சு. வடக்கு தெக்காயிட்டா, நாளைக்குச் சூலம் எங்கன நிக்கும்?"

இதுவும் கட்டுரையில் இல்லை. ஆனால் அரைகுறைப் படிப்புக்குப் பதில் வராத கேள்வி கிடையாது. "தெற்கே, முதலாளி. வடக்கு ரோடு காலி."

"அப்ப லோடை ஏத்தச் சொல்லு."

4. தலைமாடு

மத்தியானச் சாப்பாட்டுக்குள் செய்தி எல்லா ஷெட்டுக்கும் போய்விட்டது. மாரித்தாய் தூக்குவாளியோடு வந்தாள்.

"அண்ணாச்சி, வடக்கே தலை வச்சுப் படுக்கக் கூடாதும்பாகளே. இனிமே எப்படி?"

"இனிமே தெற்கே வைக்கக் கூடாது."

"வடக்கே வைக்கலாமா?"

"தாராளமா."

"அதானே பாத்தேன்! எங்க மாமியா வருசக்கணக்கா வடக்கே தலை வச்சுத்தான் படுக்குது. இன்னும் ஒண்ணும் ஆகலியேன்னு நானும் பாத்துக்கிட்டே இருக்கேன். பூமி எப்பமோ புரண்டிருக்கு, உங்களுக்குத்தான் சேதி லேட்டா வந்திருக்கு."

பின்னால் நின்ற பெண்கள் சிரித்த சிரிப்பு பக்கத்துக் கம்பெனி வரைக்கும் கேட்டிருக்கும். ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. "எங்க வீட்டுல கெழக்கு மேக்காத்தான் பாய் விரிக்க முடியும். பூமி எங்கிட்டுப் போனா எங்களுக்கென்ன?" என்றாள். அன்று என்னிடம் விஞ்ஞானம் பேசியவர்களில் நிதானமாக இருந்தவள் அவள்தான்.

சாயங்காலம் இரும்புத் தூள் லோடு ஒன்று வந்தது. திசைகாட்டி மேஜை மேல் திறந்தே இருந்தது. வழக்கம்போல டிராயரைத் திறந்து லாட காந்தத்தை எடுத்தேன். மேஜையை அது தாண்டும்போது முள் பம்பரமாகச் சுற்றியது.

நான் டிராயரைப் பார்த்தேன். முள்ளைப் பார்த்தேன். கையிலிருந்த லாரி காந்தத்தைப் பார்த்தேன். இத்தனை நாளாக இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்றாகப் படுக்கப்போட்டிருந்தேன்; பெரிய காந்தம் முள்ளின் முனைகளையே மாற்றிவிட்டிருந்தது. யானைக்குப் பக்கத்தில் எலியைக் கட்டிவைத்தால் எலி எந்தப் பக்கம் நகரும்? யானை நகர்த்துகிற பக்கந்தான்.

காந்தத்தின் இன்னொரு முனையால் முள்ளை நாலு தடவை நீவிவிட்டு, காந்தத்தைத் தூரமாக வைத்தேன். நீல முனை சாதுவாக மதுரையைக் காட்டியது. மாற்றி நீவினேன்; வெம்பக்கோட்டை. மறுபடி நீவினேன்; மதுரை. இருட்டுவதற்குள் உட்கார்ந்த இடத்திலேயே பூமியைப் பலமுறை புரட்டிவிட்டேன். என் டிராயரில் ஜெயித்தது கல் கட்சி.

ஆனால் வண்டிகளுக்குச் சொல்லியாகிவிட்டது. காலையில் லோடு கிளம்பும். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் சரக்கு நாக்பூர் போகும், மாரித்தாய் பருத்தி எடுக்கப் போக வேண்டாம். வாயைத் திறந்தால் சூலம் பழையபடி வடக்கே வந்து நிற்கும், வேகன் வேறு கம்பெனிக்குப் போய்விடும்.

மூடிக்கொள்ளலாம் என்றே தீர்மானித்தேன். எதிரே பரப்பியிருந்த இரும்புத் தூளில், காந்தத்தில் ஒட்டாமல் மணல் கொஞ்சம் கிடந்தது. 'ரிஜெக்ட்' என்று சீட்டு எழுதி மூட்டையில் கட்டினேன். கட்டி முடித்தபோது என் தீர்மானமும் ரிஜெக்ட் ஆகியிருந்தது. ஊரான் மணலைத் திருப்பி அனுப்புகிறவன் சொந்த மணலை எப்படிப் பாஸ் பண்ணுவது?

5. குடையின் தம்பி

செவ்வாய்க்கிழமை காலை. லோடு ஏற்றிய வண்டிகள் கேட்டுக்கு வெளியே வரிசையாக நின்றன. மாடுகள் தலையை ஆட்டின. பெண்கள் வேலைக்கு நுழையாமல் வேடிக்கை பார்த்தார்கள். முதலாளி திருநீறு பூசி, வண்டிகளுக்கு முன்னால் சூடம் காட்டிக்கொண்டிருந்தார்.

"முதலாளி, ஒரு விஷயம்."

"சூடம் அணையட்டும்லே."

அணைந்தது. சொன்னேன். லாரி காந்தம், டிராயர், முள், எல்லாவற்றையும் சொன்னேன். பூமி அப்படியேதான் இருக்கிறது, சூலமும் அப்படியேதான் இருக்கும் என்றேன். மாரித்தாய் தலையில் அடித்துக்கொண்டது என் கடைக்கண்ணில் தெரிந்தது.

முதலாளி வண்டிகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அப்ப பூமி புரளல."

"இல்ல, முதலாளி."

"ஒன் டிராயருதான் புரண்டிருக்கு."

"ஆமா, முதலாளி."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "ஏ, வண்டியக் கெளப்புங்கப்பா!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "முதலாளி, இன்னைக்குச் செவ்வாக்கிழமை..."

"லோடு நேத்தே கெளம்பிருச்சுலே."

வண்டிகள் என் கண் முன்னால்தான் நின்றுகொண்டிருந்தன.

"நேத்து நீ வந்து பூமி புரண்டுருச்சுன்னு சொன்னியா? இந்தப் பய பேச்சை நம்பி ஒரு லோடை அனுப்புறதான்னு யோசிச்சேன். நம்பாம விட்டு, நெசமாவே புரண்டிருந்தா என்ன செய்யன்னும் யோசிச்சேன். பூமியே தெசை மாறலாம்னா, குடைக்குச் செய்யுறதை ஒரு பெட்டிக்குச் செஞ்சா என்னன்னு தோணுச்சு. ஒடனே ஒரு பெட்டி மத்தாப்பை எடுத்துட்டுப் போய் விருதுநகர் ரோட்டுல நம்ம மச்சான் கடையில வச்சிட்டு வந்துட்டேன். திங்கக்கெழமை சூலம் கெழக்கே, வடக்கே தோசமில்ல. பரஸ்தானம் ஆச்சா? பெட்டி போனா லோடு போன மாதிரி."

"அப்ப பூமி புரண்டாலும்..."

"புரண்டாலும் போகும், புரளாட்டியும் போகும். யாவாரம்னா ரெண்டுக்கும் ஏற்பாடு வேணும்லே."

வண்டிகள் நகர்ந்தன. போகிற வழியில் மச்சான் கடையில் நிறுத்தி அந்தப் பெட்டியையும் ஏற்றிக்கொண்டார்கள். லோடு நனையாமல் நாக்பூர் போய்ச் சேர்ந்தது. தீபாவளி முடிந்த கையோடு அடுத்த ஆர்டரும் வந்தது, செக்‌ஷனை மூடவில்லை.

மாரித்தாயிடம் மட்டும் என் இரண்டாவது அறிவிப்பு செல்லுபடியாகவில்லை. பழையபடி தெற்கே தலை வைக்கலாம் என்று சொன்னதற்கு, "அதெல்லாம் முடியாது அண்ணாச்சி. முன்னே மாமியா தலையும் என் தலையும் முட்டிக்கிட்டுக் கெடந்துச்சு. நான் தலைமாட்டை மாத்துனதுக்கு அப்புறந்தான் அது கொறட்டை காதுல விழாமத் தூங்குறேன். பூமி வேணும்னா திரும்பிக்கிடட்டும்" என்றாள்.

அறிஞர்களின் சண்டையும் இப்போது ஓய்ந்துவிட்டது. பூமிக் கட்சிதான் ஜெயித்தது. பூமியின் காந்தம் பலமுறை புரண்டிருக்கிறது, இனியும் புரளும். ஆனால் ஒரு தடவை புரண்டு முடிய ஆயிரக்கணக்கான வருஷம் ஆகும் என்கிறார்கள். ஒரு திங்கட்கிழமை காலையில் ஆகிற காரியமல்ல. அதற்குள் எத்தனையோ டிராயர்களைத் திறந்து பார்த்துவிடலாம். தம்பிகளே, முதலில் அதைச் செய்யுங்கள். காந்தத்தையும் திசைகாட்டியையும் ஒன்றாகப் பூட்டாதீர்கள்.

முதலாளி சொல்லிக்கொடுத்தது இன்னொன்று. அந்த வாரமே பிளானை முடித்து, இந்தியன் இங்க் பாட்டிலைத் திறந்து, அம்புக்குறி போடப் பேனாவைத் தொட்டேன். அவர் பின்னால் வந்து நின்று, தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"செவரெல்லாம் மையில போட்டுட்டியா?"

"போட்டாச்சு, முதலாளி."

"வடக்கை மட்டும் பென்சில்ல போடு."