தாட்சாயணி சொன்னதும் அவர்கள் எழுதியதும்

ஆந்திரா புத்தூருக்குப் பக்கத்துக் காலனியில் தாட்சாயணிக்கு அரை ஏக்கர் இருக்கிறது. சர்க்கார் கொடுத்த பட்டா. அரை ஏக்கர்தானா என்று சிரிப்பவர்கள் சிரிக்கலாம். அவளைப் பெற்ற நைனா செங்கல்வராயன் அடுத்தவன் கழனியிலேயே முதுகு வளைந்து போய்ச் சேர்ந்தவர். அந்த வம்சத்தில் சொந்த மண்ணில் நின்று தும்மிய முதல் ஆள் இவள்தான். பாதியில் வேர்க்கடலை, பாதியில் மாட்டுப்புல். வீட்டுக்கும் கழனிக்கும் நடுவில் ஒரு ரோடு. ரெண்டு வேளையும் புல்லுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு அதைத் தாண்டுவாள். வீட்டில் நிற்கும் ரெண்டு கறவை மாடும் அந்தப் புல்லை நம்பித்தான் பால் கொடுத்தன.

போன வருஷம் அந்த ரோட்டை மண் கொட்டி உயர்த்தி நாலு வழியாக்கப் போவதாகச் சேதி வந்தது. அதற்கு முன்னால் மக்களிடம் கருத்துக் கேட்பார்களாம். கேட்ட லட்சணத்தைச் சொல்ல வேண்டும். நோட்டீஸ் தெலுங்கில். ஒட்டிய இடம் கிராம ஆபீஸ் கதவின் உள்பக்கம். கதவைத் திறந்தால் அது சுவரைப் பார்க்கும், மூடினால் பல்லி படிக்கும். கூட்டம் புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு, காலனியே கடலை பிடுங்கப் போயிருக்கும் நேரத்தில்.

தாட்சாயணிக்கு அன்று முட்டி வலி. வேலைக்குப் போகவில்லை, அதனால் கூட்டத்துக்குப் போனாள். வாசலிலேயே கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு டீயும் ஒரு கை மிக்சரும் கொடுத்தார்கள். பேசுவதற்கு முன்னாலேயே கையெழுத்து. இலை போடும்போதே ஏப்பம் விடச் சொன்ன மாதிரி.

ரோட்டுக்கு அடியில் நடந்து போக வழி வைப்பீர்களா என்று கேட்டது அவள் ஒருத்திதான். ஆபீசர் மேப்பிலிருந்து தலையைத் தூக்காமல் தெலுங்கில் கேட்டார்: "அண்டர்பாஸ் அவசரமா அம்மா?"

தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. தாட்சாயணிக்கு அது தெரியாதா என்ன? சந்தையில் பாதி நாள் தெலுங்கில்தான் சண்டை போடுவாள். ஆனால் தன் மண்ணைப் பற்றிக் கேட்டதும் காது தமிழுக்குத் தாவிவிட்டது. ஆபீசருக்கு மரியாதையாக இருக்கட்டும் என்று 'இல்லை'யை மட்டும் தெலுங்கில் 'லேது' ஆக்கினாள்.

"அவசரம் லேது சார். மெல்லமா கட்டுங்க, கெட்டியா கட்டுங்க. ஆனா கட்டிடுங்க."

பக்கத்தில் குறித்துக்கொண்டிருந்த கிளார்க்கின் பேனா 'லேது'வோடு நின்றுவிட்டது. மீதியெல்லாம் தமிழ். அது மிக்சர் பொட்டலத்தோடு குப்பைக்குப் போனது.

நாலு மாதத்தில் லாரிகள் வந்தன. ரெண்டு பக்கமிருந்தும் மண்மேடு காலனியை நோக்கி நகர்ந்தது. அடியில் வழி எதையும் காணோம். தாட்சாயணி கிராமத்து ரெவின்யூ ஆபீசர் கோவர்த்தனனைப் பிடித்தாள். அவர் போனைத் திறந்து ஒரு காகிதத்தைக் காட்டினார்.

"நீதானே அம்மா வேணாம்னு சொல்லிக்கீற? பாரு, 'அண்டர்பாஸ் அவசரம் லேது, தாட்சாயணி, கிராமவாசி.' கீழ உன் கையெழுத்து."

"அது டீக்குப் போட்ட கையெழுத்துய்யா! என் கழனிக்கு நானே தாழ்ப்பா போடுவனா?"

"ரெக்கார்டுல ஏறிப்போச்சி. நான் இன்னா பண்றது?"

எலும்பு முறிந்திருந்தால் புத்தூரிலேயே கட்டுப் போட்டிருப்பார்கள். முறிந்தது வார்த்தை. அதற்கு எந்த வைத்தியரும் கடை போட்டிருக்கவில்லை.

மண்மேடு அவள் தாண்டும் இடத்தையும் வளைத்துக்கொண்டது. கழனிக்குப் போக நாலு கிலோமீட்டர் சுற்ற வேண்டியதாயிற்று. பக்கத்து வீட்டு பிரமிளா பேரே வைத்துவிட்டாள்.

"இன்னா அவசரம்லேது, சுத்திக்கினு நடக்கிறது சொகமா கீதா?"

பிரமிளாவும் அதே நாலு கிலோமீட்டரை நடக்கிறவள். அதனால் தாட்சாயணி பல்லைக் கடித்துக்கொண்டாள். புருஷன் ரங்கன் நகரியில் தறி வேலை முடிந்து மொபெட்டில் வரும்போது கழனிக்குப் போய்ப் புல்லுக்கட்டை ஏற்றிவர ஆரம்பித்தான். "வர வழியிலதானே" என்றான். அது வழியிலேயே இல்லை. முட்டிக்குத் தைலத்தை மாடத்தில் வைத்ததும் அவன்தான், யாரோ மறந்து வைத்த மாதிரி.

அந்தத் தைலம் அவள் கோபத்தை இன்னும் கிளப்பிவிட்டது. திங்கட்கிழமை மனு வாங்கும் நாளில் ஜில்லா ஆபீசுக்குப் போனாள். அடுத்த திங்களும் போனாள். நாலாவது திங்கள் மேஜைக்குப் பின்னாலிருந்தவர் சலித்துக்கொண்டார்.

"தெலுங்கு சரியாப் பேசியிருக்க வேண்டியது நீங்கதானே அம்மா?"

"கருத்துக் கேக்க வந்தது யாரு? நீங்க. அப்ப உங்க காதுதான் சரியா இருக்கணும்."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் உள்ளே இருந்த பெரிய ஆபீசர் எட்டிப் பார்த்தார். மறுகூட்டம் கிடைத்தது. காலனியிலேயே, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். எழுதுவதை அங்கன்வாடி டீச்சர் யமுனா தமிழில் படித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து. எல்லாம் அவள் கேட்டு வாங்கியவை.

தொண்ணூறு பேர் வந்தார்கள். பிரமிளா மழைத்தண்ணி எங்கே போகும் என்று கேட்டு ஆபீசரை வியர்க்க வைத்தாள். வழி எவ்வளவு உயரம் என்ற பேச்சு வந்ததும் தாட்சாயணி புல்லுக்கட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடுவில் வந்து நின்றாள். "அளங்க." டேப்பில் ஏழடி வந்தது. எட்டடி என்று முடிவானது.

யமுனா படித்தாள்: "முடிந்தால் எட்டடி உயரத்தில் வழி அமைக்குமாறு..."

"நிறுத்தும்மா. முடிந்தால்னு யாரு சொன்னது?"

கிளார்க் நெளிந்தான். "அது மரியாதைக்கு அம்மா. பைல்ல பாக்க அழகா இருக்கும்."

"போன தடவ நானும் மரியாதைக்கு ஒரு வார்த்தை சேத்தேன். மண்ணு மலையாட்டம் நிக்குது. அடி அத."

"அடிய்யா, தாட்சாயணி சொல்றா இல்ல!" என்று பிரமிளா கத்தினாள். பல நாளைக்குப் பிறகு சொந்தப் பேர்.

கிளார்க் அடித்தான். யமுனா முதலிலிருந்து திரும்பப் படித்தாள். அப்புறம்தான் தாட்சாயணி பேனாவைத் தொட்டாள்.

அந்தக் காகிதத்தை மேலே அனுப்பியிருக்கிறார்கள். பதில் வரும்வரை அவள் தாண்டும் இடத்தில் இருபதடிக்கு மண்ணை வாரி எடுத்து இடைவெளி விடச் சொல்லி உத்தரவு. மேலே என்றால் எவ்வளவு மேலே என்று யாருக்கும் தெரியவில்லை, பதில் இன்னும் இறங்கி வரவில்லை. தாட்சாயணி தினமும் புல்லுக்கட்டோடு அந்த இருபதடியில் நடக்கிறாள். நேற்று ஒரு மண் லாரிக்காரன் பின்னாலேயே வந்து ஹாரன் அடித்தான்.

அவள் கட்டோடு அப்படியே திரும்பினாள்.

"எட்டடின்னு எழுதி வாங்கிக்கீறேன்டா. போய்ப் படிச்சிட்டு வந்து அடி!"