ஆன்டி சிவப்பில் திருத்திய நேரங்கள்

என் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு பழைய காந்த அட்டை ஒட்டியிருக்கிறது. வீடு விற்றுத் தரும் ஏஜென்ட்டுகள் கோடை முடியும்போது இலவசமாகத் தபாலில் அனுப்புவார்களே, அந்த வகை. எங்கள் ஊர் அமெரிக்க ஃபுட்பால் அணி அந்த சீசனில் எந்தத் தேதியில் யாரோடு மோதுகிறது என்று அச்சிட்டிருக்கும். மூலையில் கோட் போட்ட ஏஜென்ட் வாயெல்லாம் பல்லாக நிற்பார். இந்த அட்டையில் ஆட்ட நேரம் மட்டும் அச்சிடப்படவில்லை. அதைக் கறுப்பு மார்க்கரால் எழுதியது நான். அத்தனையையும் சிவப்பு மையால் அடித்துத் திருத்தியது எங்கள் கோயில் கேன்டீன் ஆன்டி.

நியூ ஜெர்சியில் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் பன்னிரண்டு வருஷம் இருந்துவிட்டு, வேலை மாறி டெக்சஸுக்கு வந்த புதிது. பேர்லேண்டுக்குப் பக்கத்தில், ஒரு பழைய கட்டிடத்தில் சின்னக் கோயில் ஒன்று இருந்தது. அங்கே ஞாயிற்றுக்கிழமை தோசை போடுவது ஆன்டியின் பொறுப்பு. பொள்ளாச்சிக்காரர். கணவர் இல்லை, ஒரே மகள் கலிபோர்னியாவில். திங்கள் முதல் சனி வரை அவர் செய்ததெல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்ததுதான் என்றே சொல்லலாம். நான் அங்கே சட்னி வாளி தூக்கும் வாலண்டியர். சேர்ந்த முதல் வாரமே ஆன்டி விஷயத்தைச் சொல்லிவிட்டார். செப்டம்பர் பிறந்தால் கூட்டம் காணாமல் போகிறது, போன வருஷம் வாளி வாளியாக மாவு மிஞ்சியது, இந்த வருஷமும் அப்படியே போனால் பொங்கலோடு ஞாயிறு கேன்டீனை மூடிவிடலாம் என்று கமிட்டி முடிவு செய்திருக்கிறது. "எல்லாம் இந்த ஃபுட்பாலாலதான் கண்ணு. அது எப்ப, எத்தனை மணிக்குன்னு தெரிஞ்சா நான் அதுக்குத் தகுந்த மாதிரி அரைச்சுக்குவேன்" என்றார். கோயில் ஃப்ரிட்ஜில் இந்த அட்டையை ஒட்டி, நேரங்களை எழுதிக் கொடுத்தேன். எனக்கு ஃபுட்பாலில் தெரியாதது ஒன்றுமில்லை என்ற நினைப்பு வேறு.

முதல் ஆட்டத்துக்கு ஒரு மணி என்று எழுதியிருந்தேன். ஜெர்சியில் ஞாயிறு ஆட்டம் என்றால் மதியம் ஒரு மணி. அது என் ரத்தத்தில் ஊறிய விஷயம். பன்னிரண்டுக்கு எல்லாரும் வந்து சாப்பிட்டுவிட்டு ஒரு மணிக்குள் வீடு போய்ச் சேர்வார்கள் என்று கணக்குப் போட்டு, ஆன்டி இரண்டு பெரிய வாளி மாவு அரைத்திருந்தார். பன்னிரண்டு அடித்தது. கேன்டீனில் நாங்கள் ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம். போனைப் பார்த்துக்கொண்டிருந்த என் மகள், "அப்பா, கேம் ஆல்ரெடி ஸ்டார்ட்டட்!" என்று கத்தினாள். டெக்சஸ் கடிகாரம் ஜெர்சிக்கு ஒரு மணி நேரம் பின்னால் என்பதை, இங்கே குடிவந்து இரண்டு மாதமான அறிவாளி நான் மறந்திருந்தேன்.

ஆன்டியின் முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்குத் துணிவில்லை. அவர் திட்டவில்லை. பில் எழுதும் சிவப்புப் பேனாவை எடுத்து, ஒவ்வொரு நேரத்தையும் ஒரு மணி குறைத்துத் திருத்தினார். பிறகு, "பன்னெண்டுக்கு ஆரம்பிச்சா எப்ப முடியும்?" என்று கேட்டார். மூன்று மணி ஆகும் என்றேன். "மூணு மணி நேரம் கத்தினவனுக்குப் பசிக்குமா பசிக்காதா?" என்றார். அவ்வளவுதான். மத்தியான ஆட்டம் உள்ள ஞாயிறுகளில் தோசை மூன்றரைக்கு என்று கோயில் வாட்ஸப் குரூப்பில் அன்றைக்கே போட்டுவிட்டோம். ஜெயித்தால் நெய் ரோஸ்ட், தோற்றால் ஊத்தப்பம் என்பது ஆன்டியே சேர்த்த வரி.

அன்று கூட்டம் பாதிதான் வந்தது. ஒரு வாளி மாவு மிஞ்சியது. அடுத்தடுத்த வாரங்களில் மிச்சம் குறைந்துகொண்டே வந்தது. அணியும் அந்த வருஷம் நன்றாக ஆடியது. நெற்றியில் விபூதி, உடம்பில் அணியின் பனியன் என்று ஆட்கள் நேராக டிவி முன்னாலிருந்து எழுந்து வந்தார்கள். ஆன்டிக்கு ஃபுட்பால் கடைசிவரை புரியவில்லை. பந்தைக் காலால் உதைப்பதே அபூர்வமான ஆட்டத்துக்கு ஏன் அந்தப் பெயர் என்று என்னிடம் நாலு தடவை கேட்டிருக்கிறார். ஆனால் பந்தோடு எல்லையைத் தொட்டுப் புள்ளி எடுப்பதைக் குறிக்கும் டச்டவுன் என்ற சொல் மட்டும் அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. தோசையைத் தட்டில் போடும்போதெல்லாம் அதைச் சொல்வார்.

பொங்கல் நெருங்கும் நேரத்தில் நாக்அவுட் ஆட்டம் வந்தது. தோற்றால் சீசன் அத்தோடு முடிந்தது. அதற்கு அட்டையில் இடமே இல்லை. ஆன்டி அடியில் சிவப்பால் எழுதிக்கொண்டார். எவ்வளவு அரைப்பது என்று கேட்டேன். "ரெண்டு மடங்கு" என்றார். தோற்றால் ஒருத்தரும் வீட்டை விட்டு நகரமாட்டார்களே என்று இழுத்தேன். "தோத்தவங்களுக்கு வீட்டுல யாரு கண்ணு தோசை சுடுவாங்க? அவங்களும் சேர்ந்துதானே அழுதுட்டு இருப்பாங்க" என்றார்.

தோற்றோம். கடைசி நிமிஷத்தில், வயிறெரியும்படி தோற்றோம். மூன்றரைக்கு நான் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றேன். மூன்று நாற்பதுக்கு முதல் கார் வந்தது. நாலு மணிக்கு வண்டி நிறுத்த இடமில்லை. துக்க வீட்டுக்கு வந்தவர்கள் போல வரிசையில் நின்றவர்கள், இரண்டாவது ஊத்தப்பத்தில் அடுத்த வருஷம் பந்தை எறியப்போகும் குவார்ட்டர்பேக் யார் என்று சண்டை போட ஆரம்பித்தார்கள். வாளியை வழித்துச் சுட்ட கடைசி ஊத்தப்பம் கமிட்டி செயலாளருக்குப் போனது. அவரும் பனியனோடுதான் வந்திருந்தார். சாப்பிட்டுவிட்டு, "அடுத்த சீசனுக்கு இன்னொரு கல்லு வாங்கிடலாம் ஆன்டி" என்றார். ஆன்டி அடுப்புப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெங்காயம் என்றார். எனக்கும் வெங்காயம்தான்.

மகளுக்குக் குழந்தை பிறந்ததும் ஆன்டி கலிபோர்னியாவில் மில்பிடாஸுக்குப் போய்விட்டார். போகும்போது இந்த அட்டையை என் கையில் கொடுத்தார். கேன்டீனில் இப்போது இரண்டு கல்லிலும் நான் நிற்கிறேன். என் தோசை வட்டமாக வருவதில்லை என்ற புகார் இருக்கிறது. இந்த வருஷ அட்டை தபாலில் வந்ததும் நேரங்களை எழுதி அவருக்கு அனுப்பிவைத்தேன். போன வாரம் போனில் ஒரு படம் வந்தது. மில்பிடாஸ் ஃப்ரிட்ஜில் நான் அனுப்பிய அட்டை. நான் பன்னிரண்டு என்று எழுதிய இடத்திலெல்லாம் சிவப்பு மையில் பத்து. கலிபோர்னியா கடிகாரம் டெக்சஸுக்கு இரண்டு மணி நேரம் பின்னால் என்பதை அறிவாளி மறுபடி மறந்திருக்கிறேன். கீழே ஒரு வரி எழுதியிருந்தார்: "பரவாயில்ல கண்ணு, இந்தத் தடவை மாவு அரைக்கறதுக்கு முன்னாடியே பாத்துட்டேன்."