திரும்பி வந்த கறுப்புக் கோடு

என் நைனா ஆந்திர எல்லையில் உள்ள நகரியில் பவர்லூம் ஓட்டியவர். எங்கள் தெருவுக்குச் செல்போன் வந்த புதிது. திருப்பதியில் எம்.எஸ்சி. முடித்து நான் பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்திருந்தேன். அப்போதுதான் அவருக்கு நுரையீரலில் புற்றுநோய் என்றார்கள். பீடியைத் தொட்டதே இல்லை. தினம் ஒரு மாத்திரை கொடுத்தார்கள். மூன்று மாதத்தில் ஸ்கேனில் தெரிந்த நிழல் பாதியாகச் சுருங்கியது. மறுபடி சைக்கிள் மிதித்தார்.

அதே வகை மருந்தைத்தான் நான் தட்டில் வளர்த்த புற்றுச் செல்களில் ஊற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ‘வளர்’ என்ற செய்தி செல்லுக்குள் ஓடினால் ஃபிலிமில் கறுப்புக் கோடு விழும். மருந்து ஊற்றிய ஒரு மணி நேரத்தில் கோடு மறைந்தது. மறுநாள் ஃபிலிமில் அது திரும்ப வந்திருந்தது. மருந்து அப்படியே இருந்தது. சோதனைக் குழாயை மாற்றி வைத்துவிட்டேன் என்று நினைத்து மூன்று முறை செய்தேன். மூன்று முறையும் கோடு.

என் வழிகாட்டி ஃபிலிமைப் பார்த்தார். “வளரச் சொல்லி செய்தி வந்தா, அதை அடக்குற புரதத்தையும் செல்லே தயார் பண்ணிக்கும். நீ செய்தியை அடைச்சே. அடக்குற புரதமும் கொறஞ்சுபோச்சு. இப்ப செய்தி கொஞ்சம் கசிஞ்சாலும் தடுக்க ஆளில்ல” என்றார். நல்ல முடிவு என்று பாராட்டினார். வெளியே வந்து நைனாவுக்குப் போன் செய்தேன். இருமல் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார்.

அடுத்த மாதம் திருப்பதி ஆஸ்பத்திரியில் டாக்டர் புது ஸ்கேனைக் காட்டினார். நிழல் பழைய அளவுக்கு வளர்ந்திருந்தது. பக்கத்தில் இன்னொன்று.

வெளியே பெஞ்சில் அம்மாவுக்கும் எனக்கும் நடுவில் உட்கார்ந்ததும் நைனா மெதுவாகச் சொன்னார். “ஒரு நாளு கூட மாத்திரய தப்பவுடலம்மா. உங்கம்மா வாணாம்னு சொல்லியும் கருவாடு துன்னேன். அதுலேர்ந்து இருமலு. ரெண்டு மாசமா யாருகிட்டயும் சொல்லல.”

நான் போனில் கேட்டபோதும் இருமலை அடக்கிக்கொண்டுதான் பேசியிருக்கிறார்.

“கருவாடு இல்ல நைனா. அந்த மாத்திர நோய அடக்கும்போது, செல்லுல தானா இருக்கிற பிரேக்கும் கொறஞ்சிடுது. லேபுல நானே பாத்தேன். உனக்கும் அதான் ஆச்சான்னு தெரியாது. ஆனா உன்னால வரல.”

“அப்ப நான் ஒண்ணும் பண்ணல.”

“ஒண்ணும் பண்ணல.”

அவர் அம்மாவைப் பார்த்தார். “கேட்டுக்கினியா?” அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

மருந்தை மாற்றிக் கொடுத்தார்கள். மேலும் பதினோரு மாதம் இருந்தார். லேசாக இருமினாலும் அன்றே எனக்குப் போன் செய்து சொல்லிவிடுவார்.