லேவியராகமம் வாசித்த வாரங்கள்

எக்ஸ்ரே எடுக்கும் அந்த அம்மாவுக்குப் பதினேழு வருஷ அனுபவம். படம் எடுப்பது அவள் வேலை. அதில் என்ன இருக்கிறது என்று எழுதுவது மாடியில் இருக்கும் டாக்டரின் வேலை. நோயாளிகள் எவ்வளவுதான் கெஞ்சிக் கேட்டாலும் அவள் வாய் திறந்ததில்லை. முகத்தைக்கூடக் கல் மாதிரி வைத்துக்கொள்ளப் பழகியிருந்தாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை சீட்டை நீட்டியபடி கண்டக்டர் வந்து நின்றார். ஓய்வு பெற்று நாலு வருஷமாகியும் ஊருக்கே அவர் கண்டக்டர்தான். "ரெண்டு மாசமா இருமல் விட மாட்டேங்குது. டாக்டர் படம் எடுத்துட்டு வரச் சொன்னார்" என்று சிரித்துக்கொண்டே சட்டையைக் கழற்றினார். படம் திரையில் விழுந்தது. வலது நுரையீரலின் மேற்பகுதியில் வெள்ளைத் திட்டு. அதன் நடுவே ஓட்டை போட்டது போல ஒரு கருப்பு.

"சரிதானேம்மா?" என்றார் கண்டக்டர், சட்டையை மாட்டிக்கொண்டே.

"நாளைக்கு மதியம் கவுன்டர்ல ரிப்போர்ட் வாங்கிக்குங்க" என்றாள். குரல் நடுங்கவில்லை.

அவர் வேறு யாராகவாவது இருந்திருந்தால் விஷயம் அதோடு போயிருக்கும். ஆனால் ஒவ்வொரு புதன்கிழமை மாலையும் அவரோடு ஒரே அறையில் அவள் உட்கார வேண்டியிருந்தது. ஒரு வருஷத்தில் பைபிளை முதலிலிருந்து கடைசிவரை வாசித்து முடிப்பது என்று நாலு பேர் ஜனவரியில் தொடங்கியிருந்தார்கள். வீட்டில் தினம் மூன்று அதிகாரம், புதனன்று சேர்ந்து ஒன்று. ஜெராக்ஸ் கடைக்கு மேலே டீச்சரின் முன்னறையில் கூடுவார்கள். எதிரே வெல்டிங் பட்டறை. சத்தம் காதைப் பிளக்கும் என்பதால் ஜன்னலை இறுக்கிச் சாத்திவிடுவார் டீச்சர். நாலாவது ஆள் பக்கத்துத் தெருவிலிருந்து வரும் ஒரு சின்னப் பெண். அவள் இடுப்பில் ஐந்து மாதக் குழந்தை. அந்தப் பெண் எக்ஸ்ரே அம்மாவை அக்கா என்று கூப்பிடுவாள்; குழந்தைக்கு அவள் பெரியம்மா.

அந்தப் புதனன்று கண்டக்டர் வாசித்தார். பஸ்ஸில் நிறுத்தம் சொல்லிப் பழகிய குரல் கணீரென்று இருந்தது. நாலு வசனத்துக்கு ஒருமுறை இருமலில் உடைந்தது. ஒவ்வொரு இருமலுக்கும் எக்ஸ்ரே அம்மாவின் பார்வை குழந்தை மேல் போனது.

படியில் இறங்கும்போது மெதுவாகக் கேட்டாள். "ரிப்போர்ட் வாங்கிட்டீங்களா அண்ணே?"

"அட, வெறும் சளிம்மா. எங்கே ஓடிடப் போகுது அந்த ரிப்போர்ட்!"

அடுத்த வாரமும் அதே பதில். கவுன்டரில் போய்ப் பார்த்தாள்; அவர் பெயர் எழுதிய கவர் அப்படியே கிடந்தது. ரெண்டு தடவை போன் பண்ணியும் அவர் கட் பண்ணிவிட்டார் என்றாள் கவுன்டர் பெண். எக்ஸ்ரே அம்மா மாடி டாக்டரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "கவரை நீங்களே அவர் கையில கொடுங்க, தப்பில்ல. ஆனா வேற யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது" என்றார் அவர்.

கவரைக் கைப்பையில் வைத்தாள். சோறு இறங்கவில்லை. "யார்கூட சண்டை?" என்று கணவன் கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல, தலைவலி" என்றாள்.

மூன்றாவது புதன். பைபிளின் மூன்றாம் புத்தகமான லேவியராகமத்தில் தோலில் வரும் நோய்களைப் பற்றிய அதிகாரம். ஆசாரியன், அதாவது பூசாரி, வந்து பார்க்கிறான், ஏழு நாள் அடைத்து வைக்கிறான், மறுபடியும் பார்க்கிறான். கண்டக்டருக்கு அது வேடிக்கையாக இருந்தது.

"அந்தக் காலத்துல ஆசாரியரே டாக்டர் வேலையும் பார்த்திருக்கார் பாருங்க. டோக்கன் கொடுத்து உட்கார வச்சிருப்பாரோ என்னவோ!"

எல்லோரும் சிரித்தார்கள். தண்ணீர் குடிக்க எழுந்த சின்னப் பெண், "தாத்தாகிட்ட கொஞ்ச நேரம் இரு" என்று குழந்தையை அவர் மடியில் வைத்தாள். அவருக்கு இருமல் வந்தது. முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டார்.

எக்ஸ்ரே அம்மா எழுந்ததை அவளே உணரவில்லை. குழந்தையை வெடுக்கென்று பிடுங்கிவிட்டாள். குழந்தை வீறிட்டது. டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். சின்னப் பெண் தம்ளரோடு அப்படியே நின்றாள். கண்டக்டர் எக்ஸ்ரே அம்மாவின் முகத்தை ஒரு கணம் பார்த்தார். பிறகு பைபிளை மூடிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார்.

குழந்தையைத் தாயிடம் கொடுத்துவிட்டுப் பின்னாலேயே ஓடினாள். ஜெராக்ஸ் கடை வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"அண்ணே, இந்தக் கவரை வாங்கிக்குங்க."

"வேண்டாம்மா." அவர் கையை நீட்டவில்லை. "என் வீட்டுக்காரிக்கும் இதே மாதிரி ஒரு கவர்தான் கொடுத்தாங்க. கேன்சர். நாலே மாசத்துல போயிட்டா. நான் பைபிளை முடிச்சுட்டு வாங்கிக்கறேன். டிசம்பர்ல முடிஞ்சிடும்ல?"

அவள் நீட்டிய கையை மடக்கவில்லை. "எல்லாக் கவரும் ஒண்ணு இல்லண்ணே. உள்ள என்னன்னு நான் சொல்ல முடியாது. ஆனா உங்களுக்காக மட்டும் நான் ஓடி வரல. மேல ஒரு பச்சப்புள்ள இருக்கு."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அந்த வார்த்தை அவருக்குச் சுரீரென்று தைத்துவிட்டது. "காலையில கூட வர்றியா?" என்றார், சின்னப் பிள்ளை மாதிரி.

மறுநாள் போனார்கள். சளியைச் சோதித்ததில் காசநோய் என்று வந்தது. ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டால் குணமாகும் என்றார் டாக்டர். புற்றுநோய் இல்லை என்றதும் கண்டக்டர் நாற்காலியிலேயே விம்மி அழுதார். கூடவே இருந்தவர்கள் எல்லோரும் சோதித்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் சொன்னார். தானே போய்ச் சொல்வதாகக் கண்டக்டர் முகமூடி மாட்டிக்கொண்டு கிளம்பினார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் தள்ளி நின்று சொன்னார்.

அன்று சாயங்காலமே சின்னப் பெண் எக்ஸ்ரே அம்மாவின் வீட்டுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை.

"உங்களுக்கு முதல்லயே தெரியும். இல்லையாக்கா?"

"சந்தேகம் இருந்துச்சும்மா. வெளியே சொல்லக் கூடாது..."

"ஜன்னலைத் திறங்கன்னு சொல்லியிருக்கலாமே! அதுக்கு எந்த விதி குறுக்கே நின்னுச்சு?"

எக்ஸ்ரே அம்மாவுக்கு மூன்று புதனிலும் அது தோன்றவே இல்லை. 'ஜன்னலைத் திறங்க.' ரெண்டு வார்த்தை.

குழந்தைக்குப் படம் எடுக்கும் வேலையும் அவளுக்கே வந்தது. கதிர் படாமலிருக்க ஈய அங்கியை மாட்டிக்கொண்டு தாயே குழந்தையின் கைகளைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டாள். குழந்தைக்கு மூச்சைப் பிடி என்று சொல்ல முடியாது; அழுகைக்கு நடுவே அது காற்றை இழுக்கும் அந்த ஒரு கணத்துக்காகக் காத்திருக்க வேண்டும். பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு, வியர்வை வழிய, காத்திருந்தாள். அழுத்தினாள்.

திரையை மூன்று முறை பெரிதாக்கிப் பார்த்தாள். தாய் படத்தைப் பார்க்கவில்லை. இவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் கண்ணுக்குச் சுத்தமா இருக்கு" என்றாள், பதினேழு வருஷத்தில் முதல்முறையாக. "ஆனா முடிவு டாக்டர் சொல்றதுதான்."

அந்தப் பெண் தலையாட்டவில்லை. குழந்தைக்குச் சட்டை போட்டுவிட்டுப் போனாள்.

குழந்தைக்கு நோய் இல்லை என்று உறுதியானது. ஆனாலும் முன்னெச்சரிக்கையாகச் சில மாதம் மருந்து கொடுக்கச் சொன்னார்கள். டீச்சருக்கும் அதே. எக்ஸ்ரே அம்மாவுக்கு ஒன்றுமில்லை. அது அவளுக்கு நிம்மதியைவிடக் கூச்சத்தையே தந்தது.

கண்டக்டர் மறுபடி மற்றவர்களோடு உட்காரலாம் என்று டாக்டர் அனுமதித்தபோது அவர்கள் ஐந்தாம் புத்தகமான உபாகமத்துக்கு வந்திருந்தார்கள். திறந்த ஜன்னல் வழியே வந்த பட்டறைச் சத்தத்துக்கு மேலாகக் கத்தி வாசித்தார்கள். சின்னப் பெண் வரவில்லை. தினமும் வாட்ஸ்அப் குழுவில் "வாசிச்சாச்சு" என்று மட்டும் அவளிடமிருந்து வரும். ஒருநாள் அது வரத் தாமதமானாலும் எக்ஸ்ரே அம்மாவுக்கு மனசு பதறும்: குழந்தைக்குக் காய்ச்சலோ? போன் செய்யத் துணிவில்லை.

நியாயாதிபதிகள் புத்தகம் தொடங்கிய புதனன்று படியில் செருப்புச் சத்தம் கேட்டது. சின்னப் பெண் குழந்தையோடு வந்து, கண்டக்டருக்குப் பக்கத்தில் கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "எப்படி இருக்கீங்க?" என்று அவரிடம்தான் கேட்டாள். எக்ஸ்ரே அம்மா பக்கம் திரும்பவில்லை. வாசிப்பு சின்னப் பெண்ணிடம் வந்தபோது குழந்தை பக்கத்தைக் கிழிக்கப் பார்த்தது. குழந்தையைத் தூக்கி எக்ஸ்ரே அம்மா பக்கம் நீட்டினாள்.

"இவனைக் கொஞ்சம் பிடிங்கக்கா" என்றாள், புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமலேயே.